முகம் பார்க்கும் நேரம்: வாசகர் கேள்வி – பதில்

இறந்தவர் உடலைப் பதப்படுத்துவது, அதாவது எம்பாமிங், பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழுவும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. 26 வருடம் எம்பாமிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றவன், அவ்வளவுதான்.

கே: அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வாய் திறந்து, கண் பாதி மூடி, பார்க்கவே முடியவில்லை. மறுநாள் எம்பாமிங் முடிந்து வந்தபோது தூங்குவது போல இருந்தார். நடுவில் அவரை என்ன செய்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ளலாமா கூடாதா என்றே புரியவில்லை.

ப: தாராளமாகத் தெரிந்துகொள்ளலாம்மா. உயிர் போனதும் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். தாடையை மேலே பிடித்து வைத்திருப்பது தசைதான் என்பதால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், கடைசி நேரத்தில் அவர் தவித்தார் என்பதற்கு அது அடையாளம் இல்லை. பிறகு 2 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் உடல் விறைக்க ஆரம்பிக்கும், அதுவும் இமை, தாடை, கழுத்து என்று சின்னத் தசைகளில்தான் முதலில் தெரியும். அதற்குள் யாரும் வாயை மூடிவிடாவிட்டால் திறந்த வாய் திறந்தபடியே இறுகிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

மேசைக்கு வந்ததும் உடலைக் கழுவித் துடைத்துவிட்டு, கை கால் மூட்டுகளை மடக்கி நீட்டி, தாடையை மெதுவாக அசைத்து விறைப்பை எடுப்போம். அப்புறம் கண். இமையை விரலால் இழுத்துவிட்டால் மூடிக்கொள்ளும், ஆனால் விழி காய்ந்து உள்வாங்க ஆரம்பித்ததும் மறுபடி மெல்லத் திறக்கும். அதனால் இமைக்கு அடியில் மெல்லிசாகப் பஞ்சு வைப்போம், இல்லாவிட்டால் ஐ கேப். கான்டாக்ட் லென்ஸைக் கொஞ்சம் பெரிதாக்கின மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி அது, மேல்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி முள் இருக்கும், அந்த முள் இமையின் உள்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இமைகள் சேரும் கோடு விழியின் நடுவில் வரக்கூடாது, கீழே தள்ளி வரவேண்டும். தூங்குகிறவர் யாரையாவது கவனித்துப் பாருங்கள், மேல் இமைதான் இறங்கி வந்து மூடியிருக்கும். நடுவில் சேர்த்துவிட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருப்பவர் போலத் தெரியும்.

வாய்க்குப் பெரும்பாலும் தையல்தான். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வளைந்த ஊசியை நுழைத்து, மேலுதட்டின் உள்பக்கமாக மூக்குக்குள் ஏற்றி, மூக்கின் நடுத்தடுப்பைக் கடந்து திரும்ப வாய்க்குள் இறக்கி உள்ளேயே முடிச்சுப் போடுவோம். வெளியே நூல் தெரியாது. அந்த முடிச்சில்தான் கைப்பழக்கம் தெரியும், கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் உதடு குவிந்து கோபித்துக்கொண்டவர் மாதிரி ஆகிவிடும், தளர்ந்தால் பல் தெரியும். பல்செட் போடுகிறவர் என்றால் அதைப் போட்டுவிட்டுத்தான் தைக்கவேண்டும். குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பதே பல்செட் எங்கே என்றுதான், பாதிப் பேருக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்து டிராயரில் கிடக்கும். கிடைக்காவிட்டால் ஒட்டிப்போன கன்னத்துக்குள் பஞ்சு வைத்து நிரப்புவோம். கடைசியில் உதட்டிலும் இமையிலும் கொஞ்சம் கிரீம், காய்ந்து பழுப்பாகிவிடாமல் இருக்க.

இவ்வளவும் உடல் கெடாமலிருக்க ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே முடிந்தாகவேண்டும். மருந்து ஏறியதும் முகம் எந்த அமைப்பில் இருக்கிறதோ அந்த அமைப்பிலேயே கெட்டிப்பட்டுவிடும். உங்கள் அப்பா முகத்தை அமைத்தவர் அவசரப்படாமல் செய்திருக்கிறார்.

கே: ரத்தத்தை முழுக்க வெளியே எடுத்துவிட்டு ஃபார்மலினை நிரப்புகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

ப: பாதி உண்மை. காறை எலும்புக்கு மேலேயோ தொடை இடுக்கிலோ சின்னதாக ஒரு கீறல் போட்டு, தமனியை வெளியே எடுத்து அதில் குழாயைச் செருகுவோம். பக்கத்திலேயே ஓடும் சிரையைத் திறந்துவைப்போம். பம்ப் மருந்தைத் தள்ளத் தள்ள, அது தமனி வழியாக உடம்பெல்லாம் சுற்றி, எதிரே இருக்கும் ரத்தத்தைச் சிரை வழியாக வெளியேற்றும். உயிரோடு இருக்கும்போது இதயம் பார்த்த வேலையைப் பம்ப் பார்க்கிறது. சராசரி உடல்வாகு உள்ளவருக்கு 8 முதல் 12 லிட்டர் வரை போகும். ரத்தம் கடைசிச் சொட்டு வரை வராது, கட்டிப்போனது உள்ளேயே நின்றுவிடும்.

மருந்து வெறும் ஃபார்மலினும் இல்லை. கடையில் வரும் ஃபார்மலின் என்பதே தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்தது, அதை அப்படியே ஏற்றினால் வாசலிலேயே ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும், உள்ளே ஒன்றும் போகாது. நன்றாகத் தண்ணீர் சேர்த்து, மெத்தனால், தோல் காயாமலிருக்க கிளிசரின், ரத்தம் கட்டாமலிருக்க சில உப்புகள், இளஞ்சிவப்புச் சாயம் எல்லாம் கலந்துதான் ஏற்றவேண்டும். ஃபார்மால்டிஹைடு செய்கிற வேலை, திசுக்களிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுவது. பின்னிய புரதத்தைக் கிருமிகளால் தின்ன முடியாது. தோல் பதனிடுவதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று ஒரு மாணவர் தனியாகக் கேட்டிருந்தார். காது மடலையும் நகத்தையும் பாருங்கள் தம்பி. வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்த நகக்கண்ணில் மெல்லச் சிவப்புச் சாயம் ஏறும், காது மடல் கெட்டிப்படும். ஏறாவிட்டால் அந்தக் கையைத் தோளிலிருந்து விரல் நுனி வரை பிடித்துவிடவேண்டும், ரத்தக்கட்டி நகர்ந்து வழிவிடும். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுருங்கிப்போன கால்கள் எவ்வளவு பிடித்துவிட்டாலும் வழிவிடாது, அங்கே தனியாகத்தான் ஏற்றவேண்டும். பலர் இந்த இடத்தில் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள், இரண்டாம் நாள் கால்தான் முதலில் கெடும்.

கே: குடல், மூளை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்களா?

ப: இல்லை. அது பழைய எகிப்து. அங்கே மூளையை மூக்கு வழியாக எடுத்தார்கள், வயிற்றைக் கீறி உள்ளுறுப்புகளை எடுத்துத் தனி ஜாடிகளில் வைத்தார்கள், உடலை நேட்ரான் என்ற உப்பில் புதைத்து உலர்த்தினார்கள், எல்லாம் முடிய 70 நாள் ஆனது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இன்றைய முறையில் உறுப்புகள் உள்ளேயே இருக்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் ட்ரோகார் என்ற நீளமான, உள்ளே துளையுள்ள ஊசியை ஒரே ஓட்டை வழியாகப் பல கோணங்களில் செலுத்தி, வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கிய திரவத்தையும் வாயுவையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடர்த்தியான மருந்தை உள்ளே விட்டு ஓட்டையை அடைத்துவிடுவோம். உடல் அழுகுவது பெரும்பாலும் குடலில் தொடங்குவதால் இதைத் தவிர்க்க முடியாது. இதைச் செய்யாமல் ரத்தக்குழாய் வேலையோடு நிறுத்திக்கொண்டால் ஒரு நாள் கழித்து வயிறு உப்பி, மூக்கிலும் வாயிலும் திரவம் வரும்.

கே: இறந்த பிறகும் முடியும் நகமும் வளருமாமே?

ப: வளராது. தோல் காய்ந்து பின்வாங்குவதால் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. மழித்த மோவாயில் மறுநாள் முள்முள்ளாகத் தெரிவதும் இதனால்தான்.

கே: எம்பாமிங் செய்தால் உடல் எத்தனை நாள் தாங்கும்? லெனின் உடல் இன்னும் இருக்கிறதே?

ப: லெனின் கணக்கை நம் வீட்டுக் கணக்கோடு சேர்க்காதீர்கள். அவர் 1924 ஜனவரியில் இறந்தார். அன்றிலிருந்து ஒரு நிபுணர் குழு வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உடலை கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் கலந்த கரைசலில் ஊறவைக்கிறது. அதை ஓயாத பராமரிப்பு என்றுதான் சொல்லவேண்டும். தொடர்ந்து ரசாயனக் குளியல் இல்லாமலே நின்றதற்கு உதாரணம் வேண்டுமென்றால், இத்தாலியில் பலெர்மோ நகரத்து நிலவறையில் இருக்கும் ரொசாலியா லொம்பார்டோ என்ற குழந்தை. 1920-ல், 2 வயது நிறைவதற்குச் சற்று முன் இறந்தது. ஆல்ஃபிரெடோ சலாஃபியா என்பவர் ஃபார்மலின், துத்தநாக உப்புகள், ஆல்கஹால், சாலிசிலிக் அமிலம், கிளிசரின் கலந்து ஏற்றினார் என்று அவருடைய கையெழுத்துக் குறிப்பிலிருந்து பிற்பாடு தெரியவந்தது. இன்றும் முகம் தெரிகிறது.

சாதாரணமாக அஞ்சலிக்காகச் செய்யும் எம்பாமிங்குக்கு அந்த நோக்கமே கிடையாது. சில நாள், நன்றாகச் செய்தால் ஒன்றிரண்டு வாரம் முகம் பார்க்கும்படி இருக்கவேண்டும், அவ்வளவுதான். இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மேசைக்கு வந்தது, என்ன நோய், உடல் பருமன், சூடு எல்லாம் சேர்ந்துதான் நாள் கணக்கைத் தீர்மானிக்கும். இவ்வளவு நாள் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நான் நம்பமாட்டேன்.

இந்த வழக்கம் பரவியதே தூரத்தைக் கடப்பதற்காகத்தான். 1861-ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்ப தாமஸ் ஹோம்ஸ் போன்றவர்கள் ஆர்சனிக் போன்ற நச்சு மருந்துகளை ஏற்றினார்கள். 1865-ல் ஆபிரகாம் லிங்கனின் உடலை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனபோது முகம் கறுக்கக் கறுக்கப் பவுடர் பூசிக்கொண்டே போகவேண்டியிருந்தது. ஃபார்மால்டிஹைடு திசுவைக் கெட்டிப்படுத்தும் என்பதை ஃபெர்டினாண்ட் ப்ளம் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்தது 1893-ல்தான். ஆர்சனிக்கை அதுதான் ஓரங்கட்டியது.

கே: தம்பி கல்லீரல் நோயில் இறந்தான். உடம்பு மஞ்சளாக இருந்தது. எம்பாமிங் செய்துகொடுத்தபோது முகம் பச்சையாக இருந்தது. விஷம் கலந்துவிட்டதா என்று வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

ப: விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. இதைச் செய்தவர் உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாதது அவர் தவறு. மஞ்சள் காமாலையில் தோலுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது பிலிருபின். அதோடு ஃபார்மால்டிஹைடு சேர்ந்தால் அது பிலிவெர்டின் ஆக மாறும், அதன் நிறம் பச்சை. அடிபட்டுக் கன்றிப்போன இடம் சில நாளில் பச்சையாக மாறுகிறதே, அங்கேயும் இந்த பிலிவெர்டின்தான்.

இப்படிப்பட்ட உடலுக்கு ஃபார்மால்டிஹைடு குறைவான, காமாலைக்கென்றே தயாரிக்கும் மருந்தைத் தண்ணீராகக் கலந்து, சாயத்தைக் கூட்டி ஏற்றவேண்டும். குறைந்த மருந்து என்றால் தாங்கும் நாளும் குறையும், எனவே சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று குடும்பத்திடம் சொல்லவேண்டும். ஒரே நாளில் அடக்கம் என்றால் எம்பாமிங்கே வேண்டாம், குளிர்ப்பெட்டி போதும் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, வெள்ளை டியூப்லைட் எந்த முகத்தையும் பச்சையாகக் காட்டும். அதை மஞ்சள் வெளிச்ச விளக்காக மாற்றிப் பாருங்கள், பாதிக் குறை போய்விடும்.

கே: போஸ்ட்மார்ட்டம் செய்த உடலை எம்பாமிங் செய்ய முடியுமா? முன்னாலேயே செய்துவிடலாமா?

ப: முதல் கேள்விக்கு முடியும், இரண்டாவதற்குக் கூடவே கூடாது. சந்தேக மரணம் என்று சிறு கேள்வி இருந்தாலும் மருந்து ஏற்றக்கூடாது. மருந்திலேயே மெத்தனால் இருக்கிறது, அதற்கப்புறம் இறந்தவர் குடித்திருந்தாரா என்று பார்ப்பதே குழம்பிவிடும், சயனைடு போன்ற விஷங்கள் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து அடையாளம் தெரியாமல் போகும்.

போஸ்ட்மார்ட்டத்துக்குப் பின்னால் வேலை பல மடங்கு. ரத்தக்குழாய்ப் பாதை அறுந்துவிட்டதால் ஓரிடத்தில் ஏற்றி உடம்பெல்லாம் பரவாது. கழுத்தின் இரண்டு பக்கம், இரண்டு கை, இரண்டு கால் என்று 6 இடத்தில் தனித்தனியாக ஏற்றவேண்டும். உறுப்புகளை மருந்தில் ஊறவைத்து உள்ளே வைத்துத் தைக்கவேண்டும். தலைத் தையல் முடிக்குள் மறையும்படி அமையவேண்டும், தலையணையில் ஈரம் கசியக்கூடாது. மூன்று நான்கு மணி நேரம் ஆகும், வெளியே நின்று எங்களை அவசரப்படுத்தாதீர்கள்.

கே: எம்பாமிங் செய்ய ஆள் வர நேரமாகும் என்றால் அதுவரை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ப: நிறைய செய்யலாம், இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதுதான் வருத்தம். முதலில், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், தலையணை ஒன்று போதும். இதயம் நின்றதும் ரத்தம் பள்ளமான பக்கம் இறங்கித் தேங்கும். தலை தாழ்ந்திருந்தாலோ குப்புறக் கிடந்தாலோ முகத்தில் தேங்கிக் கருநீலமாகிவிடும். 8 முதல் 12 மணி நேரம் போய்விட்டால் அந்த நிறம் பதிந்துவிடும், அப்புறம் நான் என்ன மருந்து ஏற்றினாலும் முழுக்கப் போகாது. முகம் நேராக மேலே பார்த்திருக்கட்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் காதும் கன்னமும் கறுக்கும்.

கண்ணை மூடி, ஈரப் பஞ்சைச் சில நிமிடம் இமைமேல் வையுங்கள். பல்செட்டைப் போட்டுவிட்டு, மோவாய்க்கு அடியில் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தால் வாய் மூடி நிற்கும். தாடையைத் துணியால் கட்டினால் இறுக்கிக் கட்டாதீர்கள், கட்டின தடம் கன்னத்தில் விழுந்துவிடும். மோதிரத்தை விரல் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். உதட்டில் கொஞ்சம் வாசலின். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள், தோல் காய்ந்து உதடு கறுக்கும். அறை குளிர்ச்சியாக இருக்கவேண்டும், காற்று முகத்தில் அடிக்கக்கூடாது. ஐஸ் வைப்பதென்றால் வயிற்றின்மேலும் பக்கவாட்டிலும் துணியில் சுற்றி வையுங்கள், முகத்தில் வேண்டாம்.

அப்புறம் இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் வரும் ஆளிடமே சொல்லிவிடுங்கள். எரியூட்டும்போது அதன் பேட்டரி வெடிக்கும்.

கே: எம்பாமிங் செய்த உடலைத் தொட்டு அழலாமா? குழந்தைகள் கிட்டே போகலாமா?

ப: கழுவித் துடைத்து உடை மாற்றிய உடலைத் தொடலாம், நெற்றியில் முத்தமும் கொடுக்கலாம். தொட்டால் ஜில்லென்று, கொஞ்சம் கெட்டியாக இருக்கும், குழந்தைகளுக்கு அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கண் எரிகிற அளவுக்கு வாடை இருந்தால் ஜன்னலைத் திறவுங்கள். உண்மையில் ஆபத்து எங்களுக்குத்தான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் முடிவுக்கு வந்தது. வருடக்கணக்கில் மூடிய அறையில் இதைச் சுவாசிப்பவர்கள் கவலைப்படவேண்டிய விஷயம் அது, அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இல்லை. எபோலா மாதிரி நோயில் இறந்தவர் என்றால் கதையே வேறு, அங்கே எம்பாமிங்கும் கிடையாது, தொடுவதும் கிடையாது.

கே: அம்மா வாழ்நாளில் உதட்டுச் சாயம் போட்டதில்லை. எம்பாமிங் செய்தவர்கள் ரோஸ் கலரில் பூசி, தலையை ஏற்றி வாரி, யாரோ மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

ப: கோபம் நியாயமானது. ரத்தம் ஓடாத தோலில் நிறம் தட்டையாகத் தெரியும், அதனால் கொஞ்சம் வண்ணம் தேவைதான். காது நுனி, மூக்கு நுனி, கன்னம், மோவாய், விரல் கணு, உயிரோடிருக்கும்போது ரத்தம் தெரியும் இந்த இடங்களில் லேசாகத் தொட்டால் போதும். அதைச் செய்யத் தெரியாதவர்கள் முகம் முழுக்க ஒரே பூச்சாகப் பூசிவிடுகிறார்கள்.

வண்ணத்தைவிடத் தலைவாரல்தான் ஆளை மாற்றுகிறது என்பது என் அனுபவம். வகிடு இடம் மாறினால் பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிடும். எனவே உடலோடு ஒரு போட்டோவையும் கொடுத்தனுப்புங்கள், கல்யாணப் போட்டோவோ ஸ்டுடியோப் படமோ வேண்டாம், போன வருடம் வீட்டில் எடுத்த ஏதாவது ஒன்று. கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியும். எந்தப் பக்கம் வகிடு, பொட்டு எவ்வளவு பெரியது, மீசை எப்படி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டோம். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை அங்கேயே ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்திருக்க முடியும். அடுத்தவர்களாவது கேட்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

கே: விபத்தில் இறந்தவரின் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்கிறார்கள். பார்க்காமல் இருப்பது நல்லதா?

ப: அதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும், நானோ பக்கத்து வீட்டுக்காரரோ இல்லை. கிழிந்த தோலை உள்தையல் போட்டு, இழந்த இடத்தை மெழுகால் நிரப்பி, மேலே தோலின் துவாரம் மாதிரி பிரஷ்ஷால் குத்திக் குத்தி, வண்ணம் கொடுத்து நிறைய மீட்க முடியும். மூக்கும் காதும் மெழுகிலேயே செய்து பொருத்தியதுண்டு. முடியாத இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடி ஒரு கையை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதென்றால் முதலில் வீட்டில் நிதானமான ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறது என்று மற்றவர்களிடம் உள்ளது உள்ளபடி சொல்லட்டும்.

கே: வெளிநாட்டிலிருந்து உடலைக் கொண்டுவர எம்பாமிங் கட்டாயமா?

ப: பெரும்பாலான நாடுகளும் விமான நிறுவனங்களும் எம்பாமிங் சான்றிதழும், இறப்புச் சான்றிதழும், காற்றுப் புகாமல் அடைத்த பெட்டியும் கேட்கும். எல்லாத் தாளிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே எழுத்தில் இருக்கட்டும், ஓர் எழுத்து மாறினாலும் நாள் கணக்கில் இழுக்கும்.

கே: உங்களுக்கு ஒருநாளாவது கை தவறியதுண்டா ஐயா?

ப: உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு ஷேவ் செய்தேன். இறந்தவர் தோலில் சோப்பு நுரை அதிகம் வேண்டும், பிளேடு புதிதாக இருக்கவேண்டும், அழுத்தவே கூடாது, ஏனென்றால் மேல்தோல் கொஞ்சம் சீவிப்போனாலும் ரத்தம் வராது, புண் ஆறாது, சில மணி நேரத்தில் அந்த இடம் மட்டும் காய்ந்து பழுப்பாகத் தோல் வார் மாதிரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியாது. மோவாய்க்கு இடது பக்கம் ஒரு இழுப்பில் சீவிவிட்டேன், அப்போது ஒன்றுமே தெரியவில்லை. காலையில் வந்து பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு. என் மூத்தவர் என்னைத் திட்டிக்கொண்டே மெழுகைத் தேய்த்து, மேலே வண்ணம் பூசினார், ஆனாலும் கிட்டே போனால் தெரிந்தது. மகன் வந்து குனிந்து பார்த்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுவிட்டுத் தன் தங்கையைத் திரும்பிப் பார்த்து, "அப்பா ஷேவ் பண்ணாலும் இதே இடத்துலதான் வெட்டிக்குவார், இல்ல?" என்றார்.